பெட்டி மாறி ஓடிய படம்

"ஏங்க, அவ திரும்பி வந்தாளா?"

நீ கேட்ட கேள்வி இது. இன்று காலை பரணில் எலி புகுந்துவிட்டதென்று சாமான்களை இறக்கியபோது அந்த வட்டத் தகர டப்பா கையில் அகப்பட்டது. மூடி துருவேறி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். உள்ளே காய்ந்த கிராம்பு நாலைந்து, உன் கொண்டை ஊசி ஒன்று. அவற்றை மீறிக்கொண்டு கற்பூர வாசனை. படச்சுருளில் கற்பூரம் சேர்ப்பதால் அது இருந்த டப்பாவில் அந்த வாசனை லேசில் போகாது என்று சினிமாக் கொட்டகையில் கதை சொல்லுகிற ராவுத்தர் அன்றே சொன்னார். கற்பூரம் என்றால் ஊருக்கெல்லாம் கோயில் நினைவுக்கு வரும். எனக்குக் கொட்டகையும் நீயும்தான்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மதியங்கள் நீண்டுவிட்டன. அதனால் உன்னோடு கொஞ்சம் பேசலாமென்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ அப்படித்தானே கேட்பாய்.

நீ போனது ஒரு மார்கழிக் காலையில். அன்று செல்லூரில் நம் சந்தில் ஒரு தறியும் ஓடவில்லை. பொழுது விடிந்தால் தறிச் சத்தத்தில்தான் கண் விழிப்போம். அன்று சத்தமில்லாததால் விழித்தேன். என்னை எழுப்ப மனம் வராத அம்மா சொல்லி, எனக்கு முன்னால் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்திருந்தது. தத்தனேரிச் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து, வைகையில் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தேன். உன் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஜன்னலுக்கு நேராக நீ தலை வைத்திருந்த இடத்தில் வெயில் விழுந்துகிடந்தது. அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாமல் சுவரோரமாகச் சுற்றிப் போனேன். பல மாதம் அப்படித்தான் நடந்தேன்.

படமானால் இதுதான் கடைசிச் சுருள் பெட்டி. இதை முதலில் ஓட்டிவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

நீ புத்தகம் படிக்கிற விதமே அப்படி. புதுமண்டபத்துக் கடைகளில் சாணித்தாளில் அச்சடித்த மாயாஜாலக் கதைகளை வாங்கி வருவேன். ஏழு கடலுக்கு அப்பால் ஒரு தீவு, பேசும் இரும்பு யானை, பூமிக்கடியில் ஒரு ராஜ்யம். வாங்கியதும் அட்டையை முகர்ந்து பார்ப்பாய். பிறகு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவாய். எனக்குக் கோபம் வரும். கொல்லை வழியாகப் புகுகிற திருடனைப் போலப் படிக்கிறாயே என்பேன். ஒருநாள் நீ சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"யாரு சாகப்போறான்னு தெரிஞ்சாத்தாங்க அவுங்களோட நிம்மதியாப் பழக முடியும்."

எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன். கதை படிப்பதைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை எனக்குத் தோன்றியதில்லை.

பிறகு உனக்குச் சயரோகம் வந்தது. வெளியே போகக் கூடாது, நான்கு பேர் நடுவில் உட்காரக் கூடாது. புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் கை நடுங்கியது. கொட்டகைக்குப் போக முடியவில்லையே என்பதுதான் உனக்குப் பெரிய குறை. காய்ச்சலைப் பற்றிக்கூட அவ்வளவு புகார் சொல்லவில்லை. அப்போதுதான் நமக்குள் அந்த ஏற்பாடு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வைகை மணலைக் கடந்து நான் கொட்டகைக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் பக்கத்தில் உட்கார்ந்து படம் முழுவதையும் சொல்ல வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது. யார் என்ன சட்டை போட்டிருந்தார், அரக்கன் எந்தக் கையால் கதவைத் திறந்தான், எல்லாம் வேண்டும். எதிர்வீட்டுத் தறிக்காரர் ஞாயிறுதோறும் என்னைச் சீண்டுவார்.

"வாத்தியாரே, இந்த வாரம் எந்த லோகத்துக்குப் போயிட்டு வந்தீக? அங்க நூல் வெல எம்புட்டு?"

அவருக்கும் கதை வேண்டும். நான் சொல்லத் தொடங்கினால் அவருடைய தறிச் சத்தம் மெல்ல நின்றுவிடும்.

உனக்கும் எனக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. அந்த உலகத்தில் வானம் என்ன நிறம் என்று கேட்பாய். படத்தில் எல்லாம் கறுப்பு வெள்ளைதான் என்பேன். உங்களுக்கு என்ன நிறமாகத் தெரிந்தது என்பாய். இல்லாததை எப்படிச் சொல்வது என்பேன். கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாய்.

பேசும் படம் வருவதற்கு முந்தைய காலம் அது. கொட்டகையில் ஒரே இயந்திரம். ஒரு சுருள் ஓடி முடிந்ததும் விளக்குப் போடுவார்கள். சோடாவும் முறுக்கும் விற்கும். அடுத்த சுருளை மாட்டுவார்கள். திரைக்குப் பக்கத்தில் ராவுத்தர் கையில் பிரம்போடு நின்று கதையைச் சொல்லுவார். அவர் குரல் ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்கும். சீமைப் படத்தில் வருகிற எழுத்தை அவர் வாசித்துச் சொன்னாரா, சொந்தமாகச் சொன்னாரா என்று யாரும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தது வெள்ளிக் கிரகத்துக்குப் போகிற படம். ஒரே ஆட்டம், மறுநாள் காலை ரயிலில் படம் அடுத்த ஊருக்குப் போகிறது. வயதான விஞ்ஞானி ஒருவர், அவர் மகள், துணைக்கு இரண்டு வாலிபர்கள். இரும்புக் கப்பலொன்றில் ஏறிப் புறப்படுகிறார்கள். பூமி ஒரு பந்தாகச் சுருங்குகிறது. விளக்குப் போட்டார்கள். அடுத்த சுருளில் கப்பல் பூமியில் இறங்குகிறது. மூன்று பேர்தான் இறங்குகிறார்கள், மகளைக் காணோம். உள்ளே ஓர் இருக்கை காலி. கிழவர் அதைத் தொட்டுத் தொட்டு அழுகிறார். கொட்டகையில் ஒரே முணுமுணுப்பு. ராவுத்தர் பிரம்பால் ஒரு தட்டுத் தட்டி, இது வழியில் கிழவர் கண்ட கெட்ட கனவு என்றார். அதற்கடுத்த சுருளில் நான்கு பேரும் வெள்ளியில் இறங்குகிறார்கள். பனைமர உயரத்துக்குப் பூக்கள். அந்தப் பெண் தலைமுடி அவிழ, சிரித்துக்கொண்டே அவற்றினூடே ஓடுகிறாள். அங்கே நின்றது படம். விளக்குப் போட்டுவிட்டார்கள். அவர்கள் இன்றைக்கும் அங்கே சுகமாக இருக்கிறார்கள் என்று சொல்லிக் கும்பிடு போட்டார் ராவுத்தர். சனம் சந்தோஷமாகக் கலைந்தது. நானும்தான்.

மறுநாள் அப்படியே உனக்குச் சொன்னேன். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். முடிந்த பிறகும் திறக்கவில்லை. தூங்கிவிட்டாயோ என்று நினைத்தேன்.

"கனவுல அந்தச் சின்னவனுக்குக் கையில கட்டுப் போட்டிருந்துச்சுன்னீங்களே. பூக்காட்டுல எறங்குறப்ப கட்டு இருந்துச்சா?"

இல்லை என்றேன்.

"கெழவர் தாடி?"

கனவில் நீளமாக இருந்தது. இறங்கும்போது குறைவாக இருந்தது. நீ கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

"அது கனவு இல்லங்க. படத்த முன்னபின்னா ஓட்டியிருக்காக." எழுந்து உட்கார முயன்று, இருமல் வந்து, மறுபடி படுத்தாய். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். "ஏங்க, அவ திரும்பி வந்தாளா?"

படம்தானே, விடு என்றேன். நீ விடவில்லை. உன் முகத்தில் இருந்தது படக் கவலை அல்ல என்று அப்போது புரிந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. வந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் தை பிறந்தால் எழுந்து நடமாடுவாய் என்றார்கள். என் அம்மா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க நாளே பார்த்துவிட்டாள்.

"எல்லாரும் நல்லாயிரும், நல்லாயிரும்ங்கிறாக. நான் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கேன். அந்த ஒரு கதையையாச்சும் நெசமாச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே ராவுத்தரைத் தேடிப் போனேன். கொட்டகை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டாகளா? கொட்டகையில அம்புட்டுச் சனம் இருந்துச்சு, ஒருத்தன் கேக்கல. பாக்காதவுக கேட்டுப்புட்டாக." சிரித்தார், நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்தவராதலால் உடனே நிறுத்திக்கொண்டார். "சுருள் பெட்டி மாறிப்போச்சு வாத்தியாரே. கடைசிப் பெட்டிய முன்னால ஏத்திட்டான் ஆபரேட்டர். தெரையில கெழவன் அழுறான், நான் என்ன செய்ய? கனவுன்னுட்டேன். அப்புறம் பூக்காட்டுக்குப் பின்னால, திரும்பி வர கப்பல்ல மூச்சுக் காத்துப் பத்தாம அந்தப் புள்ள அங்கேயே இருந்துக்கிடுற எடம் வருது. அத ஓட்டுனா என் கனவு பொய்யாயிரும். சிரிக்கிற எடத்துலயே நிறுத்துடான்னேன்."

கிளம்பும்போது இந்த டப்பாவைக் கையில் கொடுத்தார். மூடி நசுங்கியதால் சுருளை வேறு டப்பாவில் அனுப்பிவிட்டார்களாம். "படம் போயிருச்சு. இதுல கிராம்பு போட்டு வச்சுக்கிடச் சொல்லுங்க, இருமலுக்கு ஆகும்" என்றார்.

ஆற்று மணலில் திரும்பி நடந்தேன். மேற்கே வெள்ளி தெரிந்தது. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ராவுத்தரைப் போல எனக்கும் ஒரு பிரம்பு இருந்தால் தட்டிவிட்டு எதையாவது சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் பிரம்பு வைத்திருந்த எனக்கு வீட்டில் அது இல்லை.

நீ விழித்துக்கொண்டுதான் இருந்தாய்.

"வரல" என்றேன்.

"காத்துப் பத்தலையா?"

"பத்தல."

"விட்டுட்டு வந்துட்டாங்களா, அவளா இருந்துக்கிட்டாளா?"

"அவளாத்தான்."

டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தாய். "அப்பச் சரி" என்றாய். நாம் இருவரும் எதைப் பற்றிப் பேசினோம் என்பது இருவருக்கும் தெரியும். அதன் பிறகு அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. பேச வேண்டியதெல்லாம் அதிலேயே முடிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப் படம் எதுவும் வேண்டாம் என்றாய்.

"அதையே திரும்பச் சொல்லுங்க. ராவுத்தர் ஓட்டுன மாதிரியே. அழுகைய முன்னால போட்டுருங்க."

சொன்னேன். நீ இருந்த வரைக்கும் ஞாயிறுதோறும் அதையேதான் சொன்னேன். காலி இருக்கையும் கிழவரின் அழுகையும் முதலில் வந்து போய்விடும். பூக்காடு வரும்போது உன் முகம் தெளியும். அங்கே வானம் என்ன நிறம் என்று கேட்டாய். எதிர்வீட்டுத் தறியில் பாதி நெய்து நின்ற சேலையைப் பார்த்தேன். மாந்துளிர் நிறம் என்றேன். ஒரு நொடி என்னையே பார்த்தாய். "கணக்கு வாத்தியாரா இது?" என்றாய்.

வகுப்பில் புளியங்கொட்டைகளை வைத்துக் கூட்டல் சொல்லிக்கொடுப்பேன். மூன்றோடு ஐந்தைக் கூட்டினாலும் ஐந்தோடு மூன்றைக் கூட்டினாலும் எட்டுதான். முன்பின் மாறினால் தொகை மாறாது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கொட்டைகளுக்கு அது சரி. உன்னை நான் கல்யாண நாளில் தொடங்கித் தத்தனேரியில் முடித்தால் ஒரு தொகை வருகிறது. அதைச் சுமந்துகொண்டு எழுந்திருக்க முடியவில்லை. மாற்றிக் கூட்டினால் வேறொரு தொகை வருகிறது. துக்கம் குறையவில்லை. எழுந்து அடுப்பு மூட்டுகிற அளவுக்கு இடம் விடுகிறது, அவ்வளவுதான்.

இப்போது படங்களெல்லாம் பேசுகின்றன, பாடுகின்றன. ராவுத்தரும் போய்விட்டார். கதைகளில் படித்து நீ ஆசைப்பட்ட ஆகாய இயந்திரங்கள் நிஜமாகவே வந்துவிட்டன. வந்து, போன யுத்தத்தில் ஊர் ஊராக எரித்தன. செய்தித்தாளில் அதைப் படித்தபோது, நல்லவேளை, இதை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று நினைத்தேன். இன்றும் சில சனிக்கிழமைகளில் கொட்டகைக்குப் போகிறேன். யார் என்ன சட்டை போட்டிருந்தார் என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அது அப்படியே நெஞ்சில் கிடக்கிறது.

இனி உன் பூக்காடு.

கல்யாணமான புதிது. நீ முதன்முதலாகக் கொட்டகைக்கு வந்தாய். மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். திரையில் ஒரு ராஜகுமாரன் பறக்கும் குதிரையில் கடலைத் தாண்டுகிறான். நடுக்கடலில் குதிரையைக் கட்டித் தொங்கவிட்ட கயிறு பளிச்சென்று தெரிந்துவிட்டது. ஆண்கள் பக்கம் ஒரே கேலி, சீட்டி. அந்த இரைச்சலுக்கு மேலே தட்டிக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. கேலிச் சிரிப்பு இல்லை. மகிழ்ந்துபோய்ச் சிரிக்கிற சிரிப்பு. யாரது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்று மணலில் எனக்கு முன்னால் நடந்தாய். கயிறு தெரிந்ததே, பார்த்தாயா என்று கேட்டேன். நடந்தபடியே திரும்பினாய்.

"கயிறு தெரிஞ்சா என்னங்க? பறந்துச்சுல்ல."

இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: உங்கள் வீட்டில் போனவரைப் பற்றி அடுத்த முறை யாரிடமாவது சொல்லும்போது, கடைசி நாளை முதலில் சொல்லி முடித்துவிட்டு, அவர் சிரித்த ஒரு நாளில் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள்.