வெடிக்காமல் நின்ற வேட்டு

இன்று காலை எங்கள் பேகம்பூர்த் தெருவில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் போனது. சரவெடி கொளுத்தினார்கள். சன்னலைச் சாத்துவதற்குள் புகை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் இருமினார்கள். நான் மட்டும் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன். கந்தகம் எரிந்த அந்த வாசனை உனக்கு மல்லிகைப்பூவைவிடப் பிடிக்கும். திண்டுக்கல்லில் பிறந்துவிட்டு மல்லிகையை இப்படி அவமதிக்கலாமா என்று உன்னை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

கல்லூரியில் நாம் இருவருமே வேதியியல்தான். நான் மதிப்பெண்ணுக்குப் படித்தேன், நீ வெடிக்காகப் படித்தாய். கையால் எதையும் கலந்து பார்த்தவள் இல்லை நீ. "கலக்குறவனுக்கு விரல் போகும், படிக்கிறவளுக்குத் தூக்கம் மட்டுந்தான்டி போகும்" என்பாய். திருவிழா வாணவேடிக்கை பார்க்க எங்கள் மாடிக்கு வருவாய். பச்சை சிதறினால் பேரியம், சிவப்பு சிதறினால் ஸ்ட்ரான்சியம் என்று சாமி பேர் சொல்வதுபோல முணுமுணுப்பாய். கீழேயிருந்து எங்கம்மா, "ஏம்மா, அந்தப் புகையில என்னத்த அம்புட்டு நேரம் பாக்குற? பிரியாணி ஆறிப்போகுது, எறங்கி வா" என்று சத்தம் போடுவார்.

அந்த மாடியில்தான் ஒருநாள் சொன்னாய்: "விறகுல இருக்குற சூடு இதுல இல்லடி. விறகு நிதானமாக் குடுக்குது, இது கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள குடுத்துருது. வெடிக்கிறது கோவமில்ல, அவசரம்." நான் கொட்டாவி விட்டேன். உன் கல்யாணப் பேச்சில் பெண்ணுக்கு எதில் இஷ்டம் என்று கேட்டார்களாம். வெடி என்றாயாம். கலகலப்பான பெண் என்று சிரித்துக்கொண்டே ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்கு உன்னைக் கூட்டிப்போனார்கள்.

மழை பொய்த்து, தென்னை காய்ந்து, உன் மாமனார் கிணற்றை ஆழப்படுத்த வேட்டு வைத்த அன்றைக்கு நான் அங்கே இல்லை. உன் வீட்டுக்காரர் சொல்லித்தான் எல்லாம் தெரியும். பாறையில் குழி குழியாக மருந்து வைத்ததை மேலே நின்று பார்த்தாயாம். குழிக்கு ஒரு விரல் நீட்டி, வெடிக்க வெடிக்க ஒவ்வொன்றாக மடக்கினாயாம். சத்தம் ஓய்ந்தபோது ஒரு விரல் மடங்காமல் நின்றதாம்.

"ஒண்ணு இன்னும் வெடிக்கல, யாரும் எறங்காதீங்க" என்றிருக்கிறாய்.

"ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும் தாயி" என்றாராம் வேட்டு வைத்தவர். கீழே தண்ணீர் சலசலத்தது. புது ஊற்று வந்தால் வீட்டுப் பெரியவர் இறங்கி மஞ்சளும் பூவும் போட்டுக் கற்பூரம் காட்ட வேண்டும், அதுவும் நல்ல நேரத்தில். உன் மாமனார் தாம்பாளத்தோடு படியில் கால் வைத்துவிட்டார். "மாமா, செத்த பொறுங்க" என்று நீ கத்தியதற்கு, "ராகுகாலம் பொறக்கப் போகுதம்மிணி" என்று பதில் சொல்லிக்கொண்டே இறங்கினாராம்.

நீ ஓடினாய். பாதிப் படியில் அவரைப் பிடித்துத் திருப்பி மேலே தள்ளினாய். அதற்குள் அது வெடித்துவிட்டது. அவருக்கு ஒரு காது போனது. தெறித்து வந்த கல் உன்மேல் விழுந்தது. அவசரத்தைப் பற்றி அவ்வளவு தெரிந்த நீ, எதற்கடி அப்படி ஓடினாய்? இதை உன்னிடம் தினமும் கேட்கிறேன். நீ ஓடாமல் நின்றிருந்தால் அது நீயாக இருந்திருக்காது என்றும் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்.

உன் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் மாமனார் நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்: "ஏனுங்கம்மா, நீங்க அவகூடப் படிச்சவங்க. ஒண்ணு வெடிக்கலீன்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க? அதுக்கும் படிப்பு இருக்குதுங்களா?"

"எண்ணியிருக்கா, அய்யா."

"எண்ணுனாளா?" அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவுதானுங்களா?" பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர்மேல் கோபத்தோடு போனவள் நான். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு கோபப்படக்கூட ஆளில்லாமல் போய்விட்டது எனக்கு.

உன் மாமியார் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். இப்போது பாதிக் கிணறு நிறைந்து நிற்கிறதாம், தோப்பு பிழைத்துக்கொள்ளுமாம். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தேன், தொண்டை வறண்டிருந்தது. குடித்தேன். இளநீர் மாதிரி இனித்ததடி. தாகம் அடங்கவில்லை. இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்த இனிப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.