பிழைத்துக்கொண்ட பழைய ஃபோன்

பெரியவளின் அம்மாவுக்கு,

சுகம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? சந்தோஷத்தில் உளறிவிடுவேனோ என்று பயந்து வரிசையாக எழுதுகிறேன்.

1. நான் நலம்.
2. என் ஃபோன் பிழைத்துக்கொண்டது.
3. இதில் உனக்கு ஒரு வேலையும் இல்லை.

நாம் முகம் பார்த்துப் பேசும் செயலி, என் ஃபோன் பழசு என்று போன மாதம் நின்றுபோனது அல்லவா? “தலையைச் சுத்தித் தூக்கிப் போடுங்க” என்றார் என் அறையில் இருக்கும் டிரைவர். எனக்கு மனம் வரவில்லை. தேடியதில், பழைய ஃபோனிலும் ஓடும் செயலி ஒன்று கிடைத்தது. யார் யாரோ சேர்ந்து எழுதி, எவரும் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று இலவசமாக விட்டிருக்கிறார்கள். கிடங்கில் சரக்கு சரிபார்ப்பதுபோல் ஒவ்வொரு படியையும் இரண்டு முறை வாசித்து, நானே ஏற்றினேன்; டிரைவர் ஃபோனிலும் ஏற்றினேன். டிரைவரை வெளியே அனுப்பிவிட்டு அவர் ஃபோனுக்குக் கூப்பிட்டேன். முகம் வந்துவிட்டது.

“பெரியவரே, உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது. ஃபோனைக் கொஞ்சம் இறக்குங்க” என்று சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது. மூன்றாவதாக எழுதியது தவறு. உன் ஃபோனிலும் அதே செயலி இருந்தால்தான் நீ தெரிவாய். அதன் பெயரைத் தனிச் சீட்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பெரியவளிடம் கொடுத்து ஏற்றிக்கொள். ஞாயிறு காலை ஜன்னல் பக்கம், வெளிச்சத்தில் உட்கார். எத்தனை நாள்தான் டிரைவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது?

உன்னவர்