ரபீக்காவின் கபுறுக்குள் நான் இறங்கியது

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சனூஸாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. உங்கள் மீதும் மருமகன் மீதும் பேத்தி நப்லா மீதும் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும். அந்தக் குளிருக்குள் நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் படியேறும்போது முறைப்பாடு சொல்கிறது. எனக்குச் சுகமில்லை, புத்தி தடுமாறிவிட்டது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் சொன்னவரின் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நம்ப வேண்டாம்.

நீங்கள் போன் எடுப்பதில்லை. நப்லாதான் எடுக்கிறாள், உம்மா குளிக்கிறா என்கிறாள். லெஸ்டர் குளிரில் ஒரு மனுசி நாளைக்கு எத்தனை தரம் குளிப்பது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தை றஹ்மா சாச்சியின் மகன் நிப்றாஸிடம் கொடுத்துவிடுகிறேன், படிப்புக்கு அங்கே வருகிறான். கவரை ஒட்டி, ஒட்டின இடத்துக்கு மேலே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஏனென்றால் ரபீக்காவை அடக்கும்போது மையவாடியில் எடுத்த என்னுடைய படத்தை உங்களுக்கு அனுப்பினவன் இவன்தான் என்று எனக்கு நல்ல சந்தேகம் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் மதிலோரம் பூவரச மரத்தடியில் நின்று எடுத்ததுபோல் தெரிகிறது. அன்றைக்கு அந்த நிழலில் நின்றவர்களெல்லாம் வயசாளிகள், போனை நேராகப் பிடிக்கத் தெரிந்தவன் இவன் ஒருத்தன்தான். கேட்டால், "அல்லாவே, பெரியவாப்பா, நானா?" என்று நெஞ்சில் கை வைக்கிறான். பேச்சுக்கு முதல் நெஞ்சில் கை வைக்கிறவனை நான் கடைக்குள் எடுப்பதில்லை. ஆனால் லெஸ்டருக்கு வர வேறு ஆள் இல்லை.

மகள், நீங்கள் அனுப்பின செய்தியை நான் அழிக்கவில்லை. "உம்மாக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல, அந்த மனுசிட குழிக்குள்ள இறங்கி அழுதிரிக்கீங்க. எத்தின வருசமா வாப்பா?" என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த நாள், பள்ளிக்கூட விடுமுறைக்கு எடுத்த டிக்கட்டை ரத்துச் செய்துவிட்டோம், வரவில்லை என்று மருமகன் சொன்னார். அவர் குரலில் வெட்கம் இருந்தது, உங்களுடையதில் இருந்திருக்காது. கேள்வியை நேரே கேட்டதற்காக நான் கோபப்படவில்லை, என்னுடைய பிள்ளை என்றுதான் நினைத்தேன். எனவே நானும் நேரே சொல்கிறேன். ஒரு நாளும் இல்லை. உங்கள் உம்மா இருந்த காலத்திலும் இல்லை, மௌத்தான பிறகும் இல்லை. இன்னொரு கலியாணம் எனக்குத் தேவைப்பட்டிருந்தால் பள்ளிவாசலில் சொல்லி ஊர் முன்னால் முடித்திருப்பேன், ஒளித்துச் செய்ய எனக்கு யாருடைய பயம்? வெள்ளிக்கிழமையில் ரபீக்கா வீட்டுக்கு மீன் போகிறதாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓம், போகிறது. உங்கள் உம்மா தொடங்கி வைத்த வழக்கம். அவ போன பிறகு நிறுத்தினால் நன்றி கெட்டவன் என்பார்கள், தொடர்ந்தால் வேறு கதை என்பார்கள். இரண்டில் எது நட்டம் குறைவு என்று பார்த்துத்தான் தொடர்ந்தேன். இப்போது பார்த்தால் அந்தக் கணக்கும் பிழைதான்.

மௌத்து வீட்டில் அழுகிறவர்களை நான் எப்போதும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்த்திருக்கிறேன், உங்களுக்குத் தெரியும். அரிசி ஆலைக்காரர் போனபோது சந்திவரை வாகனம் நின்றது, கண்ணைத் துடைத்துக்கொண்டே டீசல் விலை கதைத்தார்கள். ஜெட்டியடியில் வலை இழுக்க வந்த பெயர் தெரியாத ஒரு கூலிக்காரன் கடலோடு போன அன்றைக்கு மீன் சந்தையில் விலை கூவ ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கு மூத்தவர், என் சொந்த நாநாவை அடக்கிவிட்டு அசர் தொழுகைக்குப் பிறகு நான் கடை திறந்து கயிறு நிறுத்தேன். மனிசன் எந்த மௌத்துக்கு உடைகிறான், எதற்கு உடைவதில்லை என்பதில் சொந்தமும் இல்லை, நியாயமும் இல்லை, அதனால் அழுகையை வைத்து யாரையும் எடை போடக்கூடாது என்பதுதான் என்னுடைய முடிவாக இருந்தது. ரபீக்கா விசயத்தில் நானே அதற்குள் மாட்டிக்கொண்டபோது முதலில் சந்தேகப்பட்டது ஊர் இல்லை, நான்தான். உனக்கு என்னடா நடந்தது, அந்த மனுசி உனக்கு யார் என்று என்னை நானே கேட்டேன்.

ரபீக்கா யார் என்று நீங்கள் வெளியே இருந்து மறந்திருந்தாலும் உங்களைச் சின்னதில் பார்த்த மனுசி அவ. நமது பின்வேலிக்கு அடுத்த வளவு. இந்தப் பக்கத்தில் எந்தப் பெண் மௌத்தானாலும் ஆள் அனுப்புவது அவவுக்குத்தான். குளிப்பாட்டி, கற்பூரம் வைத்து, கபன் துணி உடுத்தி, முகத்தைச் சொந்தக்காரருக்குக் காட்டிவிட்டுப் பின்வாசலால் போய்விடுவா. என் உம்மாவைக் குளிப்பாட்டினதும் அவதான். உங்கள் உம்மாவுக்கு மட்டும் அந்தக் கை கிடைக்கவில்லை. அது கொரோனாக் காலம். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவரச் சட்டம் இல்லை, நானும் அதே நோயோடு வீட்டுக்குள் அடைபட்டு யன்னலுக்குள் நின்றேன். மௌத்துச் செய்தி கேட்டதும் ரபீக்கா தன் காசில் வெள்ளைத் துணி வாங்கி, உங்கள் உம்மாவின் அளவுக்கு வெட்டி, கற்பூரமும் பஞ்சும் எடுத்துக்கொண்டு நமது கேற்றடியில் வந்து நின்றா. "காக்கா, எப்ப கொண்டு வருவாங்க?" என்று கேட்டா. கொண்டுவர மாட்டார்கள், கொரோனாவில் போனவர்களை அடக்க அரசாங்கம் ஒதுக்கின ஓட்டமாவடிக்கு நேரே போகிறது என்று நான் யன்னலுக்குள் இருந்து சொன்னேன். "மறுகா ஆரு குளிப்பாட்டுற? இந்தத் துணிய என்ன செய்யிற?" என்றா. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை நின்றுவிட்டுப் போனா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எங்களுக்குள் இருந்தது இவ்வளவுதான் மகள். இதற்கு ஊர் வேறு பெயர் வைத்தால் ஊரோடு வாதாட எனக்கு நேரமில்லை. நீங்கள் வைத்தால்தான் எனக்கு ஏலாது.

இனி ரபீக்கா மௌத்தான அந்த நாள். ரபீக்காவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கப் போகும்போது அவவின் மருமகன் அர்ஷாக் என்னைத் தனியே கூப்பிட்டான். "ஹாஜியார், மாமி வசியத்து செஞ்சது. உங்கட வீட்டு உம்மாக்கு எண்டு அண்டைக்கு வெட்டின துணி பெட்டிக்குள்ள இரிந்த. அதத்தான் எனக்குப் போடுங்க எண்டு சொல்லி வெச்ச. இப்ப போட்டிரிக்கி" என்றான். நான் முதலில் நினைத்தது என்ன தெரியுமா, இவன் என்னிடம் எதையோ எதிர்பார்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்கிறான் என்று. அவன் முகத்தைப் பார்த்தேன், அதில் வியாபாரம் ஒன்றும் தெரியவில்லை. தன் சொந்தக்காரரோடு போய்த் தோள் கொடுத்தான். நானும் பின்னால் போனேன்.

மையவாடியில் கபுறுக் குழியடியில் நின்று பள்ளிவாசல் லெப்பை, "உரித்தான ஆக்கள் இறங்குங்க" என்றார். அர்ஷாக் இறங்கினான், ரபீக்காவின் தம்பி இறங்கினார். மூன்றாவதாக மகன் இறங்க வேண்டிய இடம், அவவுக்கு மகன் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசித்து இறங்கவில்லை. செருப்பைக் கழற்றியது ஞாபகம் இருக்கிறது, சாரனை மடித்துக் கட்டியது ஞாபகம் இருக்கிறது. மேலே யாரோ, "ஹாஜியார், நீங்க எங்க இறங்கிற, நீங்க ஆரு?" என்றது காதில் விழுந்தது. லெப்பை துஆவை ஓதத் தொடங்கிவிட்டார், அவருக்கும் வேறு வழியில்லை. அந்நிய ஆண் இறங்கலாமா என்ற சட்டமெல்லாம் பிறகு கேட்டேன், இரண்டு மௌலவிமார் இரண்டு விதமாகச் சொன்னார்கள். அந்த நேரம் நான் அந்தத் துணியின் தலைமாட்டுப் பக்கத்தை இரண்டு கையாலும் வாங்கினேன்.

மகள், வலையையும் கயிற்றையும் நிறுத்து விற்றே இந்த வீட்டைக் கட்டினவன் நான். கையில் எடுத்தவுடன் பாரம் சொல்லுவேன், தராசு பிறகுதான். அந்தப் பாரம் கைக்கு வந்தபோதுதான் உங்கள் உம்மாவின் பாரம் எனக்கு ஒருக்காலும் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. செய்தி வந்தது. ஒரு கடதாசி வந்தது. றஹ்மாவின் புருசன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து ஒரு நம்பர் சொன்னார், கபுறுக் கல்லில் இதுதான் எழுதியிருக்கு மச்சான் என்றார். திறந்து பார்க்காத பெட்டிக்கு நான் கையெழுத்துப் போட்டு எடுப்பதில்லை, கம்பனிக்காரன் எவ்வளவு சத்தியம் பண்ணினாலும் எடுப்பதில்லை. மௌத்தையும் அப்படியே எடுக்காமல் விட்டுவிட்டேன் போல. அன்றைக்கு அங்கே எத்தனை பேரைக் கொண்டுபோனார்கள், யாரை எந்த நம்பருக்குள் வைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. வெருகல் தாண்டி வாகரைவரை வியாபாரத்துக்குப் போயிருக்கிறேன், அங்கிருந்து ஓட்டமாவடி கொஞ்சத் தூரம், போகவில்லை. நீங்கள் அதைக் கல்மனசு என்று எடுத்தீர்கள். கல்மனசு இல்லை, நம்பிக்கையில்லை. நம்பாத மௌத்துக்கு எப்படி அழுவது? குழிக்குள் நான் அழுத அழுகை உங்கள் உம்மாவுடையதுதான், ரபீக்காவின் இடத்தில் வந்து விழுந்தது. ரபீக்காவுக்கும் அதில் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அர்ஷாக்தான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அந்தப் படம்தான் உங்களிடம் வந்தது.

இதைப் பக்கத்துக் கடை ஞானசேகரமும் பிறகு எனக்குச் சொன்னார், நான்தான் உடனே எடுக்கவில்லை. அவர்கள் சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்தபோது அவருடைய அண்ணன் காணாமல் போனவர், இன்றைக்கும் தகவல் இல்லை. அண்ணி பொட்டும் அழிக்கவில்லை, அழவும் இல்லையாம். கன காலம் கழித்து, தெருவில் கண்டால் தலையாட்டுகிற அளவு பழக்கமுள்ள ஒரு தபால் கந்தோர் அம்மாவின் செத்த வீட்டுக்குப் போன இடத்தில் பெட்டிக்கு மேலே விழுந்து, ஆட்கள் பிடித்து எழுப்ப ஏலாமல் போய்விட்டதாம். "ஹாஜியார், உங்கட கதையும் எங்கட அண்ணின்ர கதையும் ஒண்டுதான், ஆக்கள் என்னவும் சொல்லட்டும்" என்றார். கயிற்று விலையைக் குறைக்கத்தான் இந்த ஆறுதல் என்று நினைத்தேன். மனிசன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இன்னும் கூடச் சந்தேகம் வந்து இரண்டு நாள் அவரைக் கவனித்தேன். ஒன்றும் இல்லை. சில பேர் சும்மாவும் நல்லவர்களாக இருக்கிறார்கள், வியாபாரத்தில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வயசு போகிறது.

மற்றப்படி, தம்பலகாமத்து வயலில் யானை இறங்கி ஓர் ஓரத்தை மிதித்துவிட்டது, மிச்சம் பரவாயில்லை. கிணற்றுக்கு மோட்டர் மாற்றினேன். குசினிக் கூரைக்குத் தகரம் போட வந்தவன் ஆணியில் களவு செய்கிறான், பிடித்துவிடுவேன். இதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன்.

நான் கேட்பது ஒன்றுதான். டிக்கட்டைத் திரும்ப எடுங்கள். என்னை நம்பி வர வேண்டாம், விசாரிக்கவே வாருங்கள், என் பிள்ளை விசாரிக்காமல் நம்பினால்தான் எனக்குக் கவலை. ரபீக்காவின் மகள் றிஷானா வீட்டில் இருக்கிறாள். அந்தத் துணியைப் பற்றி நான் இல்லாத இடத்தில் வைத்துக் கேளுங்கள், நான் பள்ளிவாசலுக்குப் போயிருக்கும்போது போங்கள். அவள் சொன்னது சரியாகப்பட்டால் அடுத்த நாள் வான் பிடித்து ஓட்டமாவடிக்குப் போவோம், நப்லாவும் வரட்டும். பெண்கள் மையவாடிக்குப் போகலாமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நான் தனியே போனால் அந்தக் கல்லின் முன்னாலும் நின்று சந்தேகம்தான் படுவேன், என் குணம் எனக்குத் தெரியும். நீங்கள் பக்கத்தில் நின்று, வாப்பா, இதுதான் உம்மா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வார்த்தையை வேறு யாரிடமும் என்னால் வாங்க ஏலாது. நீங்கள் சொன்னால் திறந்து பார்க்காமல் எடுத்துக்கொள்வேன்.

அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தையும் உங்கள் மனசில் அமைதியையும் தரட்டும், நப்லாவைக் கண்ணூறில் இருந்து காக்கட்டும். மருமகனுக்கு என் சலாம், அவரை வீணாக நடுவில் நிறுத்தாதீர்கள். வருவதாக முடிவெடுத்தால் டிக்கட் கைக்கு வந்த பிறகு றஹ்மா சாச்சிக்குச் சொல்லுங்கள், முன்னால் சொல்ல வேண்டாம்.

துஆவுடன்,
உங்கள் வாப்பா
மு. றஊப்