நீங்கள் தட்டிப் பார்க்காத இடம்

மாமா,

முதலில் கண்ணில் பட்டது ரிவிட்டுகள்தான். ஓட்டையை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

நாலைந்து நாளாகப் பெய்த மழை இன்று காலைதான் ஓய்ந்தது. வேனுக்குள் ஏறினால் தரையில் விரித்த ரப்பர் மேட்டுக்கு அடியில் சளக் சளக்கென்று சத்தம் வந்தது. காயவைக்கலாம் என்று மேட்டின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினேன். ஓரத்தில் பசை தடவி ஒட்டியிருந்ததால் இழுத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. அடியில் இருந்தது வண்டியோடு வந்த தளம் இல்லை. அதன்மேல் வைத்து அடித்த ஒரு தகடு. விளிம்பு நெடுக இரண்டு இரண்டாக ரிவிட். இரண்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு. தகட்டின் ஒரு மூலையைத் துரு தின்றிருந்தது. அந்த வழியாக எங்கள் வாசலில் தேங்கிய தண்ணீர் தெரிந்தது.

அப்பா வீட்டில் இல்லை. காப்பர் பைப் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் மேட்டைப் பழையபடி மூடிவிட்டு, வேனின் படியில் உட்கார்ந்தேன்.

இந்த ஊரில் ஜோடி ரிவிட் அடிக்கிற டிங்கர் நீங்கள் ஒருவர்தான். என் சைக்கிள் கேரியரில் அப்படித்தான் அடித்துக் கொடுத்தீர்கள். எங்கள் குளியலறைத் தகரக் கதவிலும் அப்படித்தான். பக்கத்துப் பட்டறைக்காரர் உங்களைச் சீண்டுவார்: "என்ன, இன்னிக்கி எத்தன ஜோடிக்குக் கல்யாணம் பண்ணி வச்சீங்க?" நீங்கள் சுத்தியலை நிறுத்தாமலே பதில் சொல்வீர்கள். "ஒத்தையா அடிச்சா, அது களண்டதும் தகடு தூக்கிக்கும். ஜோடியா அடிச்சா இன்னொன்னு புடிச்சிக்கிட்டு நிக்கும். ஒனக்கு அவசரம், ஒத்தையா அடி."

அந்தக் கை எங்கள் வேனுக்குள் எப்படி வந்தது? எங்களுக்குக் காட்டிய அன்றைக்கு முன்னால் நீங்கள் இந்த வண்டியைப் பார்த்ததே இல்லையே. "நானும் ஒன்னோட சேந்து இப்பத்தான் பாக்குறேன் மாப்ள" என்று அப்பாவிடம் சொன்னீர்களே.

பத்தாவது பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது. பதில் தெரியும், குரல்தான் வராது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏன், எதற்கு என்று கேட்டுக் குடைந்தார்கள். நீங்கள் ஒருவர்தான் எதுவும் கேட்கவில்லை. அப்பாவோடு ஏசி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். திருமலைராயன்பட்டினத்தில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் நிறைய. அப்பா தனியாகப் போனால் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். நானும் போனால், "பொண்ணும் வந்திருக்கா, அப்ப உள்ள வாங்க" என்பார்கள். அதனால் அப்பாவுக்கு வேலை கூடியது. சாமான்களும் கூடின. கழற்றிய ஏசிப் பெட்டியைக் குறுக்காக மடியில் வைத்துக்கொண்டு பைக்கின் பின்னால் அரசலாற்றுப் பாலத்தைக் கடப்பேன். ஒருநாள் காற்றில் பைக் சாய்ந்தது. எனக்கு முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. அன்றைக்கு அப்பா நேராக உங்கள் பட்டறைக்குத்தான் வந்தார்.

"பழைய வேன் ஒண்ணு எடுத்துடலாம் மச்சான். இந்தப் புள்ளைய இனிமே பைக்ல வச்சிக்கிட்டுப் போக முடியாது. நீ பாத்துச் சொன்னாப் போதும்."

"நான் இருக்கேன் மாப்ள. நீ வண்டிக்கு மாலை போட வந்தாப் போதும்" என்றீர்கள்.

நம் ஊரில் பழைய வண்டி வாங்கப் போனால் முதல் கேள்வி கிலோமீட்டர் இல்லை. "மீன் ஏத்துன வண்டியா?" என்பதுதான். பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீரும் உப்பும் தளத்தில் இறங்கினால் மேலே பெயிண்ட் பளபளக்கும், அடியில் தகடு அப்பளமாகியிருக்கும் என்று எங்களுக்குச் சொன்னதே நீங்கள்தான்.

முதலில் குரும்பகரத்தில் ஒரு வண்டி பார்த்தோம். விதைநெல் ஏற்றுகிற வண்டி. வெளியில் பார்க்க அழுக்கு, ஒரு கதவு மட்டும் வேறு நிறம். உங்கள் வழக்கப்படி விரலை மடக்கித் தகட்டைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தீர்கள். முன்பக்கம், பக்கவாட்டு, மேல்கூரை, கடைசியில் மண்டியிட்டுத் தளம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கெட்டிச் சத்தம். இழுக்கும் கதவின் பள்ளத்தில் பதர் அடைந்திருந்தது. எனக்கு அந்த வண்டி பிடித்திருந்தது. நான் பேசாமல் எல்லாவற்றையும் உற்றுப் பார்ப்பதால் நீங்கள் எனக்கு வைத்திருந்த பெயர் ஆர்.டி.ஓ. "என்ன ஆர்.டி.ஓ. மேடம், பாஸா?" என்றீர்கள். தலையாட்டினேன். திரும்பி வரும் வழியில்தான் அப்பாவிடம், "வேணாம் மாப்ள, கிளச்சு போயிருக்கு. வாங்கிட்டு வாரம் ஒருதடவ எங்கிட்டதான் வந்து நிப்ப" என்றீர்கள். அப்பா அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் இந்த வெள்ளை வேனைக் காட்ட அழைத்துப் போனீர்கள். ஒரு கொட்டகையில் நின்றது. உள்ளே சாம்பிராணி வாசனை. காட்டிய புரோக்கர் நாம் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"மீன் வண்டின்னு நெனச்சிடாதீங்க சார். கல்யாண டெக்கரேஷன் வண்டி. பூவு, சீரியல் லைட்டு, அவ்வளவுதான். மாங்கனித் திருவிழாவுக்குக்கூட இந்த வண்டிலதான் சாமான் போச்சு."

"சாமிக்குப் போன வண்டியா" என்று அப்பா வண்டியைத் தொட்டுக் கும்பிட்டார்.

நீங்கள் தட்டிக்கொண்டே சுற்றி வந்தீர்கள். முன்பக்கம், பக்கவாட்டு, மேல்கூரை. தளத்தைத் தட்டவில்லை. புது ரப்பர் மேட்டின்மேல் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்து, புரோக்கர் வாங்கி வந்த டீயைக் குடித்தீர்கள். "ஆர்.டி.ஓ.க்கு இதான் சீட்டு. ராணி மாதிரி ஒக்காந்து போகலாம்" என்று பக்கத்தில் தட்டிக் காட்டினீர்கள். அந்த மேட்டைத்தான் தட்டினீர்கள், அது சத்தம் காட்டவில்லை.

நான் கதவின் பள்ளத்தைப் பார்த்தேன். குரும்பகரத்தில் பதர் இருந்த அதே இடம். அங்கே நகத்தின் அளவுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. காய்ந்து, வளைந்து, வெளிச்சத்தில் மினுங்கியது. விரல் நுனியில் ஒட்டி எடுத்தேன். அப்பாவும் புரோக்கரும் எஞ்சின் பக்கம் நின்றார்கள். புது ஆள் எதிரில் எனக்கு வாய் திறக்காது. அதனால் உங்களிடம் வந்து விரலை நீட்டினேன்.

நீங்கள் அப்பா நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு அதை எடுத்து உங்கள் கைலியில் துடைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"ஜிகினா புள்ள. டெக்கரேஷன் வண்டில்ல."

மீன் செதிலையும் ஜிகினாவையும் பிரித்துத் தெரியாதா எனக்கு? தினமும் அம்மாவுக்கு மீனைக் கல்லில் உரசிக் கொடுப்பவள் நான்தான். இல்லை என்று தலையாட்டினேன். நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள்.

"சரி, சந்தேகமா இருக்குல்ல? அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத."

எழுந்து போய் அப்பாவின் தோளில் கை போட்டு ஏதோ சொன்னீர்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சொல்லிவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். என்னால் சொல்ல முடியாததை எனக்காகச் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா மாமா?

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா அம்மாவிடம் சொன்னார்: "இவளுக்கு வண்டி ரொம்பப் புடிச்சிப்போச்சாம். மச்சாங்கிட்ட சொல்லியிருக்கா. இவ வாயத் தொறந்து ஒண்ணு நல்லாருக்குன்னு சொல்லி நான் கேட்டதில்ல. அப்பறம் என்ன, எடுத்துட வேண்டியதுதான்."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். செதிலைப் பற்றிச் சொல்லி, அது ஒன்றுமில்லை என்று நீங்கள் இருவரும் பேசி முடித்திருப்பீர்கள், பிறகு பேச்சு வேறு மாதிரி திரும்பியிருக்கும் என்று நானே உங்களுக்காக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். அப்பா சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த வேனுக்குள் போனது.

ஆடி மாதம் நீங்கள் பட்டறையிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். உங்கள் காரியத்துக்கு நாற்காலியும் தண்ணீர் கேனும் ஏற்றி வந்தது இந்த வண்டிதான். நான் பின்னால் உட்கார்ந்து, நாற்காலிகள் சரியாமல் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் அழுதேன். அப்பா உங்கள் சிறிய படம் ஒன்றை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு ஒரு கண்ணி மல்லிகை. பட்டினத்தில் யாராவது வண்டியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், "எம் மச்சான் பாத்து எடுத்துக் குடுத்தது. அவன் கை பட்ட வண்டி" என்று ஆரம்பித்துவிடுவார்.

உங்கள் கை பட்ட வண்டிதான்.

படியிலிருந்து எழுந்து அத்தையைப் பார்க்கப் போனேன். உங்கள் வீட்டு வாசலில் ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வா புள்ள. என்ன, காலைலயே? அம்மா எதாச்சும் கேட்டாங்களா?"

"எங்க வேனு... முன்னாடி யாரோட வண்டி அத்த?"

அத்தை துணியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "இதென்ன கேள்வி? எங்க அக்கா மருமவன் வண்டிதான். கோட்டுச்சேரிமேட்டுலேருந்து மீன் லோடு அடிச்சிக்கிட்டு இருந்தான்ல. வெளிநாட்டு வேலை வந்துடுச்சு, கெளம்பணும்னு நின்னான். ஒங்க மாமாதான் ராவும் பகலுமா அடியில வேல பாத்துக் குடுத்தாரு."

அத்தையே பேசினார்கள்.

"நான்கூட சண்ட போட்டேன். உப்புல ஊறுன வண்டிய அந்த மனுசன் தலையில கட்டாதீங்கன்னு. 'எல்லாம் சொல்லிட்டேன்டி, மாப்ள தெரிஞ்சுதான் எடுக்குறான், அந்தப் புள்ளகூட செதிலப் பாத்துக் கண்டுபுடிச்சிடுச்சு'ன்னு சிரிச்சாரு. ஏன் புள்ள, தெரிஞ்சுதானே எடுத்தீங்க?"

கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தையின் முகத்தைப் பார்த்தேன். "தெரியும் அத்த" என்றேன்.

திரும்பி வரும்போது எனக்குக் கோபம் வந்தது, ஆனால் போய்ச் சண்டை போட ஆள் இல்லை. உறவுக்காரனுக்கு அவசரம், புரிகிறது. அதை அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவரும் புரிந்துகொண்டிருப்பார். வண்டியை எடுத்துக்கூட இருப்பார், தளத்தை முழுதாக மாற்றிக்கொண்டு. நீங்கள் தகட்டை மறைத்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன் போலிருக்கிறது. நான் விரல் நுனியில் உங்களிடம் நீட்டிய ஒரே ஒரு பேச்சை எடுத்து, நான் சொல்லாத ஒன்றாக மாற்றி, என் அப்பாவிடமே கொடுத்தீர்கள். அதை அத்தையிடம் வேடிக்கையாக வேறு சொல்லியிருக்கிறீர்கள். நான் பேச மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தைரியம்தான் உங்களுக்கு.

அந்தத் தகட்டின்மேல்தான் நான் தினமும் உட்கார்ந்து போகிறேன். நீங்கள் காட்டிய அதே சீட்டு. இன்னொன்றும் தோன்றுகிறது. அவசரத்துக்குச் செய்த, மறைப்பதற்காகவே செய்த வேலையிலும் ஜோடியாகத்தான் அடித்திருக்கிறீர்கள். பழக்கத்தில் அடித்தீர்களா, இல்லை மேலே யார் உட்காருவார்கள் என்று தெரிந்து அடித்தீர்களா? இதைக் கேட்கவாவது நீங்கள் இருந்திருக்கலாம்.

நான் வந்தபோது அப்பா வாசலில் பைக்கிலிருந்து பைப்பை இறக்கிக்கொண்டிருந்தார். "எங்க போன? ஏசி கேஸ் சிலிண்டர ஏத்திடலாம், வா. பட்டினத்துல ரெண்டு வீடு காத்துக்கிட்டு இருக்கு" என்றார். சிலிண்டர் நிற்கிற இடம் அந்தத் துரு மூலைதான். அப்பாவிடம், "தளம் கொஞ்சம் துருப்பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிடலாம். ஆனால் அவர் மேட்டைத் தூக்குவார். அந்த ரிவிட் வரிசையைப் பார்த்ததும் யாருடைய வேலை என்று என்னைவிட வேகமாகத் தெரிந்துகொள்வார். பிறகு வெள்ளிக்கிழமை மல்லிகை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் இருந்தால் இன்றைக்கு மத்தியானமே சிலிண்டரோ நானோ ரோட்டில் கிடப்போம்.

அப்பாவிடம் நீங்கள் சொல்லிக்கொள்வதாகச் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது மாமா.

அப்பா கைகால் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். நான் வேனுக்குள் ஏறினேன். உங்கள் படத்தைத் தொடவில்லை. ரப்பர் மேட்டை இரண்டு கையாலும் இழுத்து முழுவதையும் பிய்த்தேன். சுருட்டி வாசலில் போட்டேன். பின்கதவை வெளிச்சம் விழும்படி அகலத் திறந்து வைத்தேன். பிறகு கொல்லை வரைக்கும் கேட்கிற குரலில் அப்பாவைக் கூப்பிட்டேன்.