கூகை மேல் ஒரு சந்தேகம்

மார்ச் 4

நிறுத்தி வைத்திருந்த காரில் யாரோ மோதிவிட்டு ஓடிவிட்டார்கள் என்று இழப்பீட்டுக் கோரிக்கை. போய்ப் பார்த்தேன். மோதியவன் வண்டியின் பெயிண்ட் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை, சுண்ணாம்பு மட்டும் ஒட்டியிருக்கிறது. "சார், உங்க காம்பவுண்டு சுவரை ஒரு தடவை பார்க்கலாமா?" என்றதும் மனிதர் முகம் செத்துப்போனது. இந்த இன்ஷூரன்ஸ் வேலையில் இத்தனை வருஷமாய் நான் கற்றது ஒன்றுதான்: முதலில் எதையும் நம்பாதே.

ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. நெடுவெளி கேமின் இரண்டாம் பாகத்து டிரெய்லர் வந்துவிட்டது! எட்டு வருஷக் காத்திருப்பு. கண்ணுக்குத் தெரிகிற எந்த மலையிலும் ஏறலாம், எந்த ஆற்றிலும் இறங்கலாம் என்கிறார்கள். நவம்பரில் வெளியீடு. சாப்பிட மறந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். வீட்டுக்காரர் பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்போடு பக்கத்தில் உட்கார்ந்து, "மலை ஏறணும்னா நிஜ மலைக்குக் கூட்டிட்டுப் போறேனே, வா" என்றார். அது வேறு, இது வேறு. இவருக்குப் புரியாது.

எங்கள் ரசிகர் குழுவில் ஒரே ரகளை. கூகை என்ற புனைபெயரில் எழுதுகிறவர் டிரெய்லரிலிருந்து ஒரு படத்தைப் போட்டார். அருவி வருகிற இடத்தில், வலது ஓரம், பாறைக்குப் பின்னால் ஒரு விளக்கு. கடுகளவு. எங்களில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. "அண்ணே, உங்க காலைக் காட்டுங்க" என்று தாடி எழுதினான். குழுவைத் தொடங்கியவனே கும்பிட்டுவிட்டான்.

மார்ச் 9

கூகை இன்று குழுவில் எழுதியது, சுருக்கமாக: அவருக்குக் கண்ணில் நோய். பார்வை நாலா பக்கத்திலிருந்தும் அடைத்துக்கொண்டு வருகிறது. நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். வருஷக் கடைசி வரை அதுவும் தாங்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. நவம்பருக்கு முன்னால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், விளையாட விடும்படி கம்பெனியைக் கேட்க முடியுமா?

தாடி உருகிவிட்டான். கையெழுத்து இயக்கம் தொடங்கியாகிவிட்டது. எல்லாரும் அழுகிற முகங்களாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

போட்ட பிறகுதான் உறைத்தது. நாலா பக்கமும் அடைத்த கண்ணுக்கு ஓரத்து விளக்கு எப்படித் தெரிந்தது?

மார்ச் 10

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்குச் சந்தேகப்படுறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க. வீட்டுல எதுக்கு ஓவர்டைம் பார்க்குற?" என்றார்.

மார்ச் 16

ஞாயிறு முழுக்கக் கூகையின் பழைய பதிவுகளைப் படித்தேன். துணி துவைக்கவில்லை.

இரண்டு ஆட்கள்!

ஒருவர் மூச்சுவிடாமல் எழுதுகிறார். புள்ளி கிடையாது, கால்புள்ளி கிடையாது. கிண்டல், கேலி. மலைக்கு மழை என்று எழுதுகிறார், கரையைக் கறை என்கிறார். இன்னொருவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒழுங்காக முற்றுப்புள்ளி வைக்கிறார். கடைசியில் 'நன்றி.' கண் நோய் பற்றி எழுதியது முழுக்க இந்த முற்றுப்புள்ளி ஆசாமிதான். பழைய ஆள் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை.

ஒரே பெயரில் இரண்டு கை. எங்கள் ஆபீசில் இதைப் பார்த்தால் உடனே கோப்பைத் தனியாக எடுத்து வைப்போம்.

தனியாக எழுதிக் கேட்டேன்: ஒரு தடவை வீடியோவில் பேசலாமா? பதில் வந்தது. "மன்னிக்கவும். வீடியோவில் பேசுவது வழக்கமில்லை. நன்றி."

இருக்கும், இருக்கும்.

மார்ச் 28

கம்பெனி பதில் போட்டிருக்கிறது. பரிசீலிக்கிறார்களாம். ஆனால் ஒன்று கேட்கிறார்கள்: குழுவை நடத்தும் நீங்கள் இவரை நேரில் அறிவீர்களா, உறுதி சொல்ல முடியுமா? குழுவை நடத்துவது தாடியும் நானும்.

தாடிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். முன்கூட்டியே கேமைப் பார்த்துப் படம்பிடித்து விற்கிற கும்பல்கள் இருக்கின்றன. இது அப்படியாக இருந்தால் எட்டு வருஷமாய் நாம் சேர்த்த பெயர் ஒரே நாளில் நாறிப்போகும் என்றேன்.

"அக்கா, கண்ணு தெரியாத மனுஷன்கிட்டப் போய்... உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"கண்ணு தெரியலைன்னு யாருடா பார்த்தது?"

வைத்துவிட்டான்.

மனசு இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இருக்கிறது. அதனால்தானே பயப்படுகிறேன்? இத்தனை பேர் அழுதிருக்கிறார்கள். அத்தனை பேரையும் ஒருவன் முட்டாளாக்கினால் சும்மா விடவா?

ஏப்ரல் 6

ஐயோ. என்ன செய்துவிட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் வழக்கம்போல எல்லாரும் குழு அழைப்பில் கூடினோம். குரல் மட்டும்தான். கண் விஷயம் எழுதிய பிறகு முதல் தடவையாகக் கூகை வந்தார். பழைய ஆள், கிண்டல்காரர். புதிய வரைபடம் எவ்வளவு பெரியது என்று பேச்சு ஓடியது. யாரோ, "அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?" என்றார்கள்.

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!"

அகப்பட்டான் என்று எனக்கு உள்ளே ஒரு துள்ளல். அந்தத் துள்ளலை நினைத்தால் இப்போது கூசுகிறது. "அப்ப கண்ணு சரியாயிடுச்சா?" என்றேன்.

"எந்தக் கண்ணு? யார் சொன்னது?"

"நீங்கதான் சார். ஒன்பதாம் தேதி எழுதினீங்களே. படிக்கட்டுமா?" படித்தேன். நிறுத்தி, நிதானமாக, ஆபீசில் கோரிக்கைக்காரர்களுக்குப் படித்துக் காட்டுவது போல. அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல். ரொம்ப மெதுவாக. "நான்தான் எழுதினேன். நான்தாங்க."

ஒரு நாற்காலி நகர்ந்தது. எதிலோ இடித்துக்கொண்ட சத்தம். இணைப்பு போய்விட்டது.

ஏப்ரல் 7

இன்று வந்த கோரிக்கையை இரண்டாம் தரம் பார்க்காமல் ஒப்புதல் போட்டேன். மேலாளர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

கூகை குழுவை விட்டு விலகிவிட்டார்.

ஏப்ரல் 9

கூகையின் மனைவி போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

கூகை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து கீழே நிற்கிற ஆளின் விரல் அசைவைப் பார்த்துப் பெட்டி இறக்கியவர். போன வருஷம் வேலை போனது. கண்ணால் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை, அலுத்துப்போச்சு, விட்டுட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறார். போனில் பொடி எழுத்து கண்ணுக்குப் பிடிபடாததால் வாயால் சொல்லி எழுத வைக்கிறார். அதுதான் மழையும் கறையும். போன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறது! குழுவில் வருவதையெல்லாம் மனைவிதான் படித்துச் சொல்கிறார். கண் பற்றி வந்ததை மட்டும் படிக்காமல் விட்டிருக்கிறார்.

"அந்த விளக்கு?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் பார்த்ததுங்க. ஓரத்துல என்ன இருக்கு, ஓரத்துல என்ன இருக்குன்னு கேட்டுட்டே இருப்பாரு. நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சொன்னேன். எனக்கு இந்த கேம் கருமாந்திரமெல்லாம் சுத்தமா பிடிக்காது."

"இப்ப எப்படி இருக்காரு?"

"எங்கிட்டப் பேசுறதில்ல. தட்டை வச்சா சாப்பிடுறாரு. ஊருக்கெல்லாம் என்னைக் குருடன்னு தம்பட்டம் அடிச்சிட்டியேன்னு ஒரு தடவை சொன்னாரு. அதோட சரி."

அழுதுகொண்டே வைத்தேன். வைத்த பிறகு உள்ளே ஒன்று கேட்கிறது: இதையும் ஒரு கதையாகச் சொல்லியிருக்கலாமே? சீ. ஆனால் கேட்கிறது.

ஏப்ரல் 13

போய்ப் பார்த்துவிட்டோம். வீட்டுக்காரர்தான், "போன்ல மன்னிப்புக் கேக்காத, கிளம்பு" என்றார்.

மூன்றாவது மாடி. மேஜை முனைகளிலெல்லாம் பழைய துணி சுற்றிக் கட்டியிருந்தது. கூகை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. புருவத்தில் ஒரு தழும்பு, அதன் மேலேயே புதுக் காயம். அன்று நாற்காலி நகர்ந்த சத்தம் ஞாபகம் வந்தது. அந்த வேளையிலும் என் கண் பழைய காயம், புதுக் காயம் என்று பிரித்துப் பார்க்கிறது.

அதோடு நின்றேனா? பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த நான் என் கையை மெதுவாகத் தூக்கினேன். அவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி. அவர் அசையவில்லை. விரலை ஆட்டினேன். அசையவில்லை.

"சோதிச்சு முடிச்சாச்சா மேடம்?" என்றார். "வளையல் சத்தம் கேக்குது."

எனக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. வீட்டுக்காரர் பக்கென்று சிரித்துவிட்டார். "சார், எனக்கு இது தினமும் நடக்குது. நான் பழகிட்டேன்." கூகையும் சிரித்தார். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், சிரிப்பைப் பார்த்து நாளாகிவிட்டது போல.

மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கேட்டது கேள்வி. அதுல தப்பில்ல" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பாமல், ஆனால் அந்தப் பக்கம் கேட்கும்படி: "பாவப்பட்டு ஓசியில குடுக்குறத நான் ஏன் விளையாடணும்?"

"உங்களுக்காக இல்ல" என்றார் மனைவி. "எட்டு வருஷமா அந்தக் கேமைப் பத்திக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. பார்த்துட்டு வந்து வாயை மூடுவீங்கன்னுதான்."

அவர் டம்ளரைத் தொட்டுப் பார்த்து, "காபி ஆறிப்போச்சு. வேற போடு" என்றார். அந்தத் தம்பட்டப் பேச்சுக்குப் பிறகு மனைவியிடம் அவர் பேசிய முதல் பேச்சாம் அது, கீழே இறங்கும்போது அந்தம்மா சொன்னார்.

ஏப்ரல் 14

கம்பெனிக்கு உறுதி எழுதிக் கொடுத்தேன். நேரில் அறிவேன் என்று. தாடி மன்னிப்புக் கேட்டான். நானும். யார் முந்தி என்பதில்தான் கொஞ்சம் இழுபறி.

ஜூன் 20

வெளியீடு தள்ளிப்போய்விட்டது. பிப்ரவரியாம். குழுவில் வசைமாரி. அருவியும் ஆறும் வெறும் படம்தான், உள்ளே ஒன்றுமே இல்லை என்று ஒரு கூட்டம் கிளப்பிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கூகையிடமிருந்து குழுவுக்கு ஒரு வரி. திரும்பி வந்துவிட்டார்! 'எட்டு வருசம் காத்த கழுதைக்கு மூணு மாசம் ஒரு கேடா பிப்ரவரியில பார்ப்போம்.' புள்ளி இல்லை.

பிப்ரவரியில் அவர் எதைப் பார்ப்பார்?

ஜூலை 11

கம்பெனி அழைத்தே விட்டது. போகமாட்டேன் என்று முரண்டு பிடித்தவரை அந்தம்மா இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு பகல் முழுக்க விளையாடினாராம்.

ஜூலை 13

ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. எப்படி இருந்தது என்று தாடி கெஞ்சுகிறான். "சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. நல்லா இருந்துச்சு" என்பதோடு சரி.

ரொம்பப் பொதுவான பதில். பார்த்தவர் இப்படியா பேசுவார்? ஜூலைக்குள்ளேயே பார்வை போயிருந்தால்? அங்கே உட்கார்ந்து வெறும் திரையை வெறித்துவிட்டு வந்திருந்தால்?

அந்தம்மாவுக்குப் போன் செய்தேன். ஏதேதோ பேசிவிட்டு, "அவர் நிஜமாவே பார்த்தாரா?" என்றேன்.

"சந்தோஷமா வந்தாருங்க."

இரண்டாவது கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. வைத்த பிறகு வீட்டுக்காரர், "என்ன, அவ்வளவுதானா?" என்று ஆச்சரியப்பட்டார்.

டிசம்பர் 2

நடுவில் இருந்த மிச்சமும் போய்விட்டதாம். அவரே குழுவில் சொன்னார். எல்லாருக்கும் முன்னால், தன் குரலில். "வெளிச்சம் மட்டும் தெரியுது. யாரும் ஒப்பாரி வைக்காதீங்க, தாடி ஏற்கனவே தொடங்கிட்டான்."

பிப்ரவரி 13

லீவு போட்டேன். நெடுவெளி வந்துவிட்டது.

கூகை போனில் என்கூட இருந்தார், மத்தியானம் வரை. நான் ஓட்டுகிறேன், சொல்கிறேன்; அவர் கேட்கிறார், அதட்டுகிறார். அந்தம்மா காலையில் முயன்றிருக்கிறார். மூன்று தடவை குதிரையோடு பள்ளத்தில் விழுந்ததும் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்துவிட்டு, அந்த மேடத்தைக் கூப்பிடுங்க என்றாராம்.

காட்டைக் கடந்து ஆற்றங்கரைக்கு வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. "நிறுத்துங்க, நிறுத்துங்க, கேப்போம்" என்றார். இலையில் ஒரு சத்தம், தண்ணீரில் ஒரு சத்தம். நிஜமாகவே இரண்டு சத்தம். உள்ளே ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள் வாயில் மண்.

"அந்தச் சிவப்புப் படகு அங்கதானே இருக்கு மேடம்? அன்னைக்கு அதுல உட்கார்ந்துதான் ரொம்ப நேரம் பார்த்துட்டிருந்தேன்."

கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன். படகு இல்லை. சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. நாணலும் மழையும்தான். ஜூலையில் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படியானால் அன்று அவர் ஒன்றும் பார்க்கவில்லை.

"ஆமா சார்" என்றேன். "இருக்கு. மழையில நனைஞ்சுட்டு நிக்குது."

அந்தப் பக்கம் வெடித்துச் சிரிப்பு. பின்னால் அந்தம்மாவும் சேர்ந்து சிரிக்கிறார்.

"பொய்! அந்த ஆத்துல படகே கிடையாது மேடம். மூலை முடுக்கெல்லாம் நான் கண்ணால பார்த்திருக்கேன்."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் அகப்பட்டுக்கொண்டது இதுதான் முதல் தடவை.