நூலில் கட்டிய செம்பருத்தி

12 மார்ச் 1934, திங்கள். பெக்கோக் ரப்பர்த் தோட்டம், மலாயா.

துரை பங்களாவின் செம்பருத்தி வேலியைப் பற்றி இன்று எழுதியே ஆகவேண்டும். செம்பருத்தி இளந்துளிர் நுனியில்தான் மொட்டு விடும். போன வாரம் துரைசாணி அதைச் சுவர்போல மட்டமாக வெட்டச் சொன்னாள். தோட்டவேலை செய்யும் காளியம்மா வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள், பயனில்லை. இன்று சீமையிலிருந்து வந்த விருந்தாளிக்குத் தேநீர். வேலியில் ஒரு பூ இல்லை. பழி காளியம்மாமேல் விழுந்தது. தேநீர் நேரத்துக்குள் பூ இல்லையென்றால் நாளை முதல் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகவேண்டுமாம். அவள் கால் வீக்கத்துக்கு மருந்து கொடுப்பவள் நான். ரப்பர்க் காட்டு மேட்டில் அவளால் ஏற முடியாது.

தோட்டத்துக் கணக்கர் பெரிய கிராணி அவளுக்கு வழி சொன்னார். "கோயில் செடியில பூ கெடக்குல்ல? பறிச்சாந்து நூலால கட்டு. சாயங்காலம் வரைக்கும் வாடாது. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா, துரைசாணிதான் கோவிச்சுக்குவா."

காளியம்மா அப்படியே வேலியில் கட்டிவைத்தாள். தேநீருக்கு என்னையும் அழைத்திருந்தார்கள்; பூவெல்லாம் தன் கைவண்ணம் என்றாள் துரைசாணி. இவ்வளவு வெட்டியும் இப்படிப் பூக்குமா என்று விருந்தாளி என்னிடம் கேட்டார். நூல் முடிச்சு என் கண்ணெதிரே இருந்தது. மண் வளம் என்றேன்.

வாசலில் காளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை டாக்டரம்மா, நீங்க காட்டிக் குடுக்கல. விருந்தாளி போற வரைக்கும் தெனமும் கட்டச் சொல்லிட்டாங்க துரைசாணியம்மா. வேல நெலச்சுது."

நன்றி சொல்கிறாள், எனக்கு.

நாளையும் தேநீருக்கு அழைத்திருக்கிறார்கள். வருவதாகச் சொல்லிவிட்டேன்.