எட்டாத நிழல்

ஜூலை 6, திங்கள்

இருபத்தோராம் தேதி சூரிய கிரகணம். எங்கள் ஊரில் பாதிதான் தெரியுமாம். எட்டாம் வகுப்புக்கு நிழல் பாடத்தை அதற்குள் நடத்திவிடச் சொன்னார் தலைமையாசிரியை. "உங்கள விட்டா இதுக்கு யாரு இருக்கா?" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். தேநீர் கையிலேயே ஆறிப்போனது.

ஜூலை 9, வியாழன்

பாடம் நடந்தது. குண்டு பல்பு, அதைவிடச் சிறிய பந்து, வெள்ளை அட்டை. அட்டையைப் பந்துக்குப் பக்கத்தில் பிடித்தால் நடுவில் கருநிழல். அங்கே நிற்பவனுக்குச் சூரியன் முழுதாக மறையும். சுற்றிலும் மங்கலாகப் புறநிழல். அங்கே பாதி மறையும். அட்டையைப் பின்னால் நகர்த்த நகர்த்தக் கருநிழல் குறுகி, ஒரு புள்ளியாகி, இல்லாமலே போய்விட்டது. அதற்கும் அப்பால் அட்டையில் துளை போட்டு எட்டிப் பார்க்கச் சொன்னேன். பந்தைச் சுற்றி ஒளி வளையம்.

நிலா தூரத்தில் இருக்கும் நாட்களில் அதன் கருநிழல் நம்மை எட்டாது, அப்போது வளையம்தான் தெரியும் என்றேன்.

கடைசி பெஞ்சு வாயாடி எழுந்தாள். "மிஸ், அப்ப வெறுங்கண்ணால பாக்குறதுக்கு ஒரு நொடிகூட கெடையாதா?"

"கிடையாது."

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போய் நின்றேன்.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

எனக்குப் பன்னிரண்டு, தம்பிக்கு ஒன்பது. வெளியே தலைகாட்டக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். நான் நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன்: நிலா முழுதாக மூடிய பிறகு வெறும் கண்ணால் பார்க்கலாம். படித்தது முழு கிரகணத்தைப் பற்றி. அன்றைக்கு வந்தது வளைய கிரகணம். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். தரையைப் பார்க்கச் சொன்னேன். வெளிச்சம் மங்கியதும் "இப்ப" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். நான் நிமிரவில்லை. ஏன்? பயமா? அவன் பார்த்து ஒன்றும் ஆகவில்லையென்றால் பிறகு பார்க்கலாம் என்றா? — தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

"மோதிரம் மாதிரி இருக்குக்கா. நடுவுல கறுப்பு."

அந்தக் கறுப்பு அவன் பார்வையை விட்டுப் போகவே இல்லை. இரண்டு கண்ணிலும். ஓரங்கள் தெரியும், எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. என்னோடு பேசும்போது என் காதைப் பார்த்துத்தான் பேசுவான். அப்போதுதான் முகம் கொஞ்சம் சிக்குமாம்.

அப்பா பெல்ட்டை எடுத்தபோது, தானாகத்தான் பார்த்தேன் என்றான். என்னிடம் தனியாக வந்து, "நீ சரியாத்தான் சொன்னே. நான்தான் ஒரு நொடி முந்திட்டேன் போல" என்றான். இன்று வரைக்கும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறான். "சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா..." என்று அம்மா இன்னமும் இழுக்கும்போது தலையைக் குனிந்துகொள்வான்.

கல்லூரி இரண்டாம் வருஷம், கரும்பலகையில் பேராசிரியர் பூமியைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும் நிழல் முனையை வரைந்தார். எடுத்துக்காட்டாகச் சொன்னது அதே தேதியை. அவன் முந்தவில்லை. முந்துவதற்கு அங்கே நேரமே இருக்கவில்லை.

இருபது வருஷமாகத் தெரியும் எனக்கு.

ஜூலை 12, ஞாயிறு

சொல்லிவிட்டேன். தம்பி வீட்டுக்கே போனேன்; பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு மதியம்தான் வந்திருந்தான். நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது. பல்பு, பந்து, எல்லாவற்றையும் விளக்கினேன், என்னவோ வகுப்பு எடுப்பதுபோல. என்ன ஜென்மம் நான்.

நகக்கண்ணில் காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

"உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"காலேஜ் படிக்கிறப்ப. ரெண்டாவது வருஷம்."

மனசுக்குள் கணக்குப் போட்டான். நான் பயந்த கணக்குதான்.

"அப்ப அப்பா உயிரோட இருந்தாரே."

இருந்தார். மூன்று வருஷம் இருந்தார். இந்தப் பிள்ளை சொல்பேச்சு கேட்காது என்று சொல்லிக்கொண்டே போனார்.

"நீ கெளம்பு" என்றான். கோபமாகக்கூட இல்லை.

ஜூலை 16

போன் செய்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது.

ஜூலை 21, செவ்வாய்

கிரகணம். மைதானத்தில் இருபத்தெட்டுப் பெண்கள். ஒவ்வொருத்தியின் கண்ணாடியையும் வெளிச்சத்தில் காட்டி மூன்று முறை சோதித்தேன். வெளிச்சம் மங்கியது, அதே சாம்பல் நிறம். மரத்தடியில் இலை இடுக்குகளின் வழியாக விழுந்த ஒளியெல்லாம் பிறை பிறையாக இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். இருபத்தெட்டு முகமும் அவன் முகம்.

"மிஸ், நீங்க பாக்கலையா?"

பார்த்திருக்கிறேன் என்றேன். பொய்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

அம்மா வீட்டுக்குப் போனேன். அவன் முன்னாலேயே வந்திருந்தான். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். அம்மா என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவன் முகத்திலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கிப்போயிருந்தது. சின்ன வயசு முகம் தெரிந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். அவன்தான் பேசினான், என் காதைப் பார்த்து.

"உள்ள வாங்க. சாப்ட்டீங்களா?"

பிறந்ததிலிருந்து அவன் என்னை 'நீங்க' என்று சொன்னதில்லை.

சாப்பிட்டேன் என்றேன்.